காலுறை போட்ட விண்வெளி வீரர்கள்

"கட்! கட்! கட்!" என்று கத்தினேன். இது ஆறாவது முறை.

என் படத்தின் கேப்டன் சிக்ஸ்டன் கதவருகே குனிந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். இன்னொரு விண்வெளி வீராங்கனை ஹில்மா தன்னுடையதைக் கழற்றி ஓரமாக அடுக்கியே விட்டாள்.

"விண்கல் வெடிக்கப்போகுதுடா! உசிரைக் கையில புடிச்சுக்கிட்டு ஓடி வர்ற கேப்டன், நின்னு நிதானமா பூட்ஸ் கழட்டுவானா?"

"சாரி தீரா. கதவைப் பார்த்ததும் கை தானா போயிடுது."

பனி மூடிய எங்கள் கிரூனா ஊரில் யாரும் வீட்டுக்குள் பூட்ஸோடு வரமாட்டார்கள். ஆனால் இது வீடு இல்லையே, விண்வெளிக் கப்பல்! என் அறைச் சுவரெல்லாம் அலுமினியத் தாள் ஒட்டவே எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

விண்கல்லில் இரும்பு தோண்டப் போன மூவரில் ஒருவன் துரோகி. துளையிடும் இயந்திரத்தை அவன் கெடுத்துவிடுகிறான். அவன் யாரென்று கேப்டன் கண்டுபிடிக்க வேண்டும். இதுதான் எங்கள் படம். துரோகி வேடம் என் தம்பி எபேவுக்கு. வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

மூன்று மணிக்குள் அனுப்பாவிட்டால் மாலையில் பள்ளிக் குறும்பட விழாவில் எங்கள் படம் ஓடாது. மணி இரண்டேகால்.

சிக்ஸ்டனின் பூட்ஸைக் காலோடு டேப் போட்டுச் சுற்றினேன். இந்த முறை அவன் கழற்றவில்லை. ஆனால் திருடன் மாதிரி நுனிக்காலில் நடந்தான். அந்தப் பதற்றத்தில் வசனம் பறந்துவிட்டது.

"எண்ணெய்க் குழாயை... அப்புறம்... தீரா, அப்புறம் என்ன?"

"பதினாலே வரிடா! உனக்குப் பதிலா ஒரு நாற்காலியை நிக்க வச்சிருக்கலாம்!"

சிக்ஸ்டன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தான். "அப்ப நாற்காலியையே நடிக்கச் சொல்லு. நான் போறேன்."

அவன் கண்கள் சிவந்திருந்தன. எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து எபே உள்ளே வந்தான். "அக்கா, ஜிப் மாட்டிக்கிச்சு. கழட்டவே முடியல." பனி அப்பிய பூட்ஸோடு நேராகக் கம்பளத்தின் நடுவே வந்து நின்றான்.

"டேய்!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் அலறினோம்.

குனிந்து என் காலைப் பார்த்தேன். காலுறைதான். காலையிலிருந்து ஊரைத் திட்டிக்கொண்டிருந்த நானும் பூட்ஸைக் கழற்றித்தான் வைத்திருந்தேன்!

"சிக்ஸ்டன், போகாத. நாற்காலின்னு சொன்னது தப்புதான். பூட்ஸைக் கழட்டு."

"இவ்வளவு நேரம் கழட்டாதேன்னு கத்தின?"

"இப்ப கழட்டுன்னு கத்துறேன்! எபே, நீ மட்டும் கழட்டாத. கப்பல்ல எல்லாரும் காலுறையோட நடக்குறாங்க. ஒருத்தன் மட்டும் பூட்ஸ் போட்டே இருக்கான். ஏன்?"

சிக்ஸ்டன் மூக்கை உறிஞ்சியபடி யோசித்தான். "ஓடிப்போகத் தயாரா இருக்கான்!"

"அதேதான். பதினாலு வரியும் வேண்டாம். அவன் காலைப் பாரு, 'நீதானா?'ன்னு கேளு. போதும்."

"ஒரே சொல்லா?"

"அதையும் நீ மறந்தா நானே வெடிச்சிடுவேன்."

அவன் சிரித்துவிட்டான். அடுத்த முறையே காட்சி முடிந்தது. இரண்டு ஐம்பத்தாறுக்குப் படத்தை அனுப்பினேன்.

மாலையில் பள்ளி அரங்கம் நிறைந்திருந்தது. திரையில் இயந்திரம் வெடித்தபோது ஒருவரும் அசையவில்லை. ஆனால் எபேவின் ஈர பூட்ஸ் உள்ளே வந்ததும் அரங்கமே "ஐயோ!" என்றது.

"அவன்தான்! புடிங்க அவனை!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

"நீதானா?" என்றான் திரையில் சிக்ஸ்டன். கைதட்டலில் காது அடைத்தது. பக்கத்து இருக்கையில் நிஜ சிக்ஸ்டன் காது வரை சிவந்திருந்தான்.

முன்வரிசையில் ஒருவர் மட்டும் கைதட்டவில்லை. சுரங்க வேலை முடிந்து நேராக அங்கே வந்திருந்த அம்மா. மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

"தீரா, அது நம்ம வீட்டுக் கம்பளமா?"

நாங்கள் நான்கு பேரும் ஒன்றாகத் தலையாட்டினோம்.