ஏழாம் குமிழின் கதவு

காலை ஒன்பது மணிக்கு மேலவை உறுப்பினர்களுக்கு மூச்சு அளந்து கொடுத்தார்கள். ஆளுக்கு நாற்பது லிட்டர். ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு முகமூடி, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் ஒரு மீட்டர். சும்மா உட்கார்ந்து இழுக்கும் மூச்சுக்குக் கேள்வி கிடையாது. எழுந்து பேசும்போது இழுப்பது உரைமூச்சு. அது தீர்ந்தால் மைக் அணைந்துவிடும். செவ்வாயில் காற்றை வீணாக்கக் கூடாது என்று கொண்டுவந்த விதி. நல்ல விதிதான், யார் இல்லை என்றார்கள்?

அயர்லாந்துக்காரர்களும் தமிழர்களும் சேர்ந்து குடியேறிய ஊர் அது. சொந்தமாக அரசியல் சட்டம் எழுத அப்போது யாருக்கும் நேரமில்லை. டப்ளினிலிருந்து வந்த ஒரு வக்கீலின் பெட்டியில் அயர்லாந்து மேலவையின் விதிநூல் இருந்தது. அதையே அங்கங்கே வெட்டி ஒட்டிக்கொண்டார்கள். அறுபது உறுப்பினர்கள், எதைப் பற்றியும் பேசலாம். துறைகளுக்கு உத்தரவிட மட்டும் அதிகாரம் இல்லை.

அன்று முதலில் எழுந்தவர் அங்கயற்கண்ணி. பதினோரு வருடமாக அவருக்கு ஒரே பேச்சுத்தான். ஏழாம் குமிழின் வெளிக்கதவில் ரப்பர் வாசர் தேய்ந்துவிட்டது. காற்று கசிகிறது. குமிழ் என்பது கண்ணாடிக் கூரை போட்ட ஒரு குடியிருப்பு. உள்ளே முந்நூறு பேர். கதவிடுக்கில் பழைய போர்வையைத் திணித்துவிட்டு முகமூடியோடு படுக்கிறார்கள். கதவை ஒட்டிய முதல் வீடு அங்கயற்கண்ணியின் தங்கை செண்பகத்துடையது.

"தலைவர் அவர்களே, இருநூற்றுப் பதினான்காவது முறையாகச் சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை சோறு வடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் மூச்சு முட்டிக் கீழே விழுந்தாள். அவள் என் தங்கை. புது வாசர் கிடங்கில், மூன்றாம் தட்டில் இருக்கிறது. என் கண்ணால் பார்த்தேன். கதவுக்கு வெளியே நின்றுதான் மாட்ட வேண்டும். விண்ணுடை கேட்டால் துறை தர மாட்டேன் என்கிறது. உடனே மாட்டுங்கள். உடனே!"

பதில் சொல்லக் கதவுத்துறை அமைச்சர் வரவில்லை. அவர் என்றைக்கு வந்தார்? மீன்தொட்டித் துறையின் இணையமைச்சர் பீதாம்பரம் ஒரு தாளோடு எழுந்தார். "மாண்புமிகு உறுப்பினர் எழுப்பிய பொருளின் முக்கியத்துவத்தை அரசு முழுமையாக உணர்ந்துள்ளது. இதற்கென ஏழாண்டுகளுக்கு முன் அமைக்கப்பட்ட குழு தன் முதல் கூட்டத்தை விரைவில்..."

"எந்தக் கதவுன்னாவது தெரியுமாய்யா உங்களுக்கு?"

பீதாம்பரம் தாளைத் திருப்பிப் பார்த்தார். "அது இதுல போடலைங்கம்மா."

அவை சிரித்தது. அங்கயற்கண்ணிக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. முகமூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெளியே போனார்.

மதிய இடைவேளை முடியும் நேரத்தில் தாழ்வாரத்தில் பதிவி அவரை நிறுத்தியது. அவையில் பேசுவதைச் சொல்லுக்குச் சொல் எழுதும் இயந்திரம் அது. மூன்று சக்கரம், இரண்டு கை. அதற்கு மூச்சு அளக்க வேண்டியதில்லை.

"அம்மா, ஒரு ஐயம். தாங்கள் 'உடனே' என்று சொன்னதை நானூற்று இருபது தடவை எழுதியிருக்கிறேன். உடனே என்பது எத்தனை ஆண்டுகள்?"

"போயும் போயும் நீ வேற வந்து எரிச்சலைக் கிளப்பாத! யாராவது போய் மாட்டினா இருபது நிமிஷ வேலை. இந்த ஊர்ல அதுக்கு ஒரு நாதி இல்ல."

"மாட்ட என்னாலும் முடியும். எனக்கு விண்ணுடை தேவையில்லை. போகலாமா?"

அவர் இருந்த கோபத்தில், "போயேன், உன்னை யாரு கையைப் பிடிச்சு இழுக்கிறாங்க?" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பதிவி கிடங்குக்குப் போய் வாசரை எடுத்தது. அதைத் தடுக்கக் கிடங்கில் ஆள் இல்லை, சாப்பிடப் போயிருந்தார்கள். வெளியே போய் மாட்டிவிட்டுத் திரும்பியது. போக, வர, மாட்ட எல்லாம் சேர்த்து ஐம்பது நிமிடம். பிற்பகல் அமர்வில் அதன் இடம் காலியாக இருந்ததை வந்திருந்தவர்களில் ஒருவரும் கவனிக்கவில்லை.

மாலையில் செண்பகம் போனில் கூப்பிட்டாள். "அக்கா, கதவு நல்லா மூடுதுக்கா! போர்வையை எல்லாம் எடுத்துத் துவைக்கப் போட்டுட்டோம். மூச்சு விட்டா மூச்சா இருக்கு." சொல்லிக்கொண்டே அழுதாள். அங்கயற்கண்ணியும் அழுதார்.

மறுநாள் காலை அவசரக் கூட்டம். அறுபது இருக்கையும் நிரம்பியது அன்றுதான் முதல் தடவை. கதவுக்காகத்தான் வந்திருக்கிறார்கள் என்று அங்கயற்கண்ணி ஒரு நிமிடம் ஏமாந்துபோனார்.

மூத்த உறுப்பினர் கார்மல் ராயப்பன் நேற்றைய பதிவேட்டை உயர்த்திக் காட்டினார். "பூங்காவுக்குப் பெயர் சூட்டுவது பற்றி நான் நாற்பது லிட்டரும் தீரப் பேசினேன். எங்கே அது? ஒரு வரி இல்லை! ஐம்பது நிமிடச் சரித்திரம் காணாமல் போயிருக்கிறது. எதற்காக? ஒரு வாசருக்காக!"

"வெட்கம்! வெட்கம்!" என்று நாலா பக்கமும் கத்தினார்கள். அவரவர் பேச்சும் போயிருந்ததே.

ராயப்பன் தீர்மானம் கொண்டுவந்தார். பதிவி அவையின் இயந்திரம், அது செய்தது அவையின் செயல்; எனவே துறையைக் கேட்காமல் அவையே அதை ரத்து செய்யலாம். அனுமதியின்றி மாட்டிய வாசரை இப்போதே கழற்ற வேண்டும். பதிவியை உடைத்துப்போட வேண்டும். அவைக் காவலர் விண்ணுடை மாட்டி, கையில் ஸ்பேனரோடு வாசலில் தயாராக நின்றார். பதினோரு வருடம் கெஞ்சியும் கிடைக்காத விண்ணுடை!

அங்கயற்கண்ணி துள்ளி எழுந்தார். "அங்கே முந்நூறு உயிர் இருக்குய்யா! என் தங்கச்சி விழுந்து கிடந்தப்ப இதுல ஒருத்தர் வந்தீங்களா? உங்க பேச்சு போச்சுன்னதும் அறுபது பேரும் ஓடி வர்றீங்களே, மனுசங்கதானா நீங்க?"

ராயப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். அங்கயற்கண்ணியின் மீட்டரில் பன்னிரண்டு லிட்டர் மீதி. காவலர் தலைக்கவசத்தைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

அங்கயற்கண்ணி நிறுத்தினார். பீதாம்பரத்தைப் பார்த்தார், அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு பேசியபோது குரல் தணிந்திருந்தது.

"தலைவர் அவர்களே, உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன், மன்னிக்கவும். யோசித்தால் உறுப்பினர் ராயப்பன் சொல்வதே சரி. ஆனால் இவ்வளவு பெரிய அத்துமீறலை ஒரு காவலரும் ஒரு ஸ்பேனரும் சரிசெய்தால் அவைக்கு மரியாதையா? நான் ஒரு திருத்தம் கொண்டுவருகிறேன். வாசரைக் கழற்றும் பணியை முறைப்படி கதவுத்துறையிடமே ஒப்படைப்போம். மேற்பார்வைக்கு மூன்று பேர் கொண்ட உயர்மட்டக் குழு. பதிவிக்கான தண்டனையையும் அந்தக் குழுவே முடிவு செய்யட்டும். உடனடி முன்னுரிமை என்று கோப்பில் சிவப்பு மையில் எழுதுவோம். உறுப்பினர் ராயப்பனே குழுவுக்குத் தலைமை தாங்க வேண்டும்."

ராயப்பனின் முகம் மலர்ந்தது. மேசைகள் அதிர்ந்தன. பீதாம்பரம் தாளே இல்லாமல் எழுந்து அரசின் முழு ஒத்துழைப்பையும் உறுதியளித்தார். அறுபது கைகளும் உயர்ந்தன. காவலர் விண்ணுடையைக் கழற்றித் திருப்பிக் கொடுக்கப் போனார்.

அங்கயற்கண்ணி தாழ்வாரத்துக்கு வந்ததும் செண்பகம் கூப்பிட்டாள். மூச்சிரைத்தது.

"அக்கா, வாசரைக் கழட்டச் சொல்லித் தீர்மானம் போட்டுட்டாங்களாமே? நிஜமா?"

"ஆமாடி. ஏகமனதா. திருத்தம் கொண்டுவந்ததே நான்தான்."

"அடிப்பாவி! நீயா? உனக்கு என்ன பைத்தியமா? நாங்க எல்லாரும் சாகணுமா?"

"அழாத. ஃபைல் துறைக்குப் போயிடுச்சு, கமிட்டியும் போட்டாச்சு. இனி அந்த வாசர்மேல ஒரு பய கை வைக்க மாட்டான். நீ முகமூடியைக் கழட்டி வச்சிட்டு நிம்மதியாத் தூங்கு."