மூன்று முறை ‘பழுதில்லை’

மதியம் ஒரு மணிக்குக் கம்பிக்காரரைத் தேடி வந்த பெண் மூன்று சீட்டுகளை அவர் மேசைமேல் பரப்பினாள். இணைய நிறுவனத்தின் ஆள் மூன்று முறை வந்து பார்த்து எழுதிக் கொடுத்தவை. மூன்றிலும் ஒரே தீர்ப்பு: பழுதில்லை.

காது கேளாத நோயாளிகளுக்கு டாக்டர் பேசுவதைச் சைகையில் எடுத்துச் சொல்வது அவள் வேலை. வீட்டிலிருந்தே வீடியோவில் செய்கிறாள். பத்து நாளாக இணைப்பு நடுவில் அறுந்துகொண்டே இருந்தது. இன்று மாலை நான்கு மணி அழைப்பிலும் அறுந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக மருத்துவமனை சொல்லிவிட்டது. குற்றவாளியையும் அவளே பிடித்து வைத்திருந்தாள். மாடியில் குடியிருக்கும் ஓரகத்திதான். அவளுடைய தையல் மெஷின் மோட்டார் லைனைக் கெடுக்கிறது என்று சண்டை போட்டாகிவிட்டது. ஆறு நாளாக இருவருக்கும் பேச்சில்லை.

கம்பிக்காரர் என்று எல்லோரும் அழைக்கும் அந்த ஓய்வுபெற்ற தொலைபேசி லைன்மேன் சீட்டுகளைப் பொறுமையாகப் படித்தார். அவருடைய மைத்துனருக்குப் பொறுமை கிடையாது. மெஷின்தான் என்று அவள் வீட்டுக்குப் போகும் வழியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்.

வீட்டில் மோடம் அலமாரித் தட்டில் இருந்தது. கம்பிக்காரர் அதைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரத்தில் மோடத்தின் இணைப்பு விளக்கு இரண்டு முறை அணைந்து எரிந்தது. மைத்துனர் மாடிப்படிக்குப் பாய்ந்தார்.

“நில்லு. மேல மெஷின் சத்தம் கேக்குதா?” என்று தடுத்தார் கம்பிக்காரர்.

கேட்கவில்லை. இரண்டு முறையும் மாடி அமைதியாகத்தான் இருந்தது.

பிறகு அவர் அந்தப் பெண்ணிடம் விசாரித்தார். மாடியிலும் அதே நிறுவனத்தின் இணைப்புதான். கம்பியும் ஒரே வழியில்தான் வருகிறது. அங்கே ஒருமுறைகூட அறுந்ததில்லை. முதல் புகாருக்கு முன்னால் இங்கேயும் எப்போதாவதுதான் அறும். லைனைப் பலப்படுத்திவிட்டோம் என்று நிறுவனம் சொன்ன பிறகுதான் தொல்லை அதிகமானது.

“மூணு சீட்டுலயும் மோடம் நம்பர் ஒண்ணேதான். ஆனா அது உங்க மோடத்தோட நம்பர் இல்லம்மா,” என்றார் கம்பிக்காரர்.

“அப்போ யாரோடது, அத்தான்?” என்றார் மைத்துனர்.

“வந்த ஆளோடது. ஒவ்வொரு தடவையும் தன் பையில இருக்குற மோடத்த மாட்டிப் பாத்திருக்கான். லைன் நல்லாத்தான் இருந்திருக்கும். கழட்டிட்டு, பழுதில்லைன்னு எழுதிட்டுப் போயிட்டான்.”

மீதியையும் அவர் விளக்கினார். செம்புக் கம்பியில் இரைச்சல் புகுந்தால் தகவல் உடையும். உடைந்ததை மறுபடி அனுப்ப நிறுவனத்தின் பக்கம் ஓர் ஏற்பாடு உண்டு. மோடத்துக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பழைய மோடம் தெரியும் என்று தலையாட்டிவிட்டு, வேலை வரும்போது திணறி லைனையே விட்டுவிடுகிறது.

“நீங்க புகார் குடுக்கக் குடுக்க, அவங்க அந்த மறுபடி அனுப்புற மருந்தத்தான் கூட்டியிருக்காங்க. தையல் மெஷினுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

அவள் முகம் வாடியது. புது மோடம் வர இரண்டு நாள் ஆகும். மணியோ மூன்று. ஒத்துப்போகிற மோடம் அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது, மாடியில். கேட்டு வாங்கி வருகிறேன் என்று எழுந்த மைத்துனரைக் கம்பிக்காரர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அவளே ஏறிப் போனாள். சற்று நேரத்தில் இருவரும் இறங்கி வந்தார்கள். மோடம் ஓரகத்தியின் கையில் இருந்தது.

“இதுக்குப் போய் ஏங்க்கா தயங்கணும்? உங்க வேலை கெட்டுடக் கூடாதுன்னு ஆறு நாளா நான் மெஷினத் தொடவே இல்ல. பள்ளிச் சீருடையெல்லாம் வெட்டுன துணியா அப்படியே கிடக்கு.”

மூத்தவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கம்பிக்காரர் மோடத்தை மாட்டி, அவளுடைய கணக்கு விவரங்களைப் பதிந்து கொடுத்தார். விளக்கு நிலைத்து எரிந்தது. ஆனாலும் மெஷினை அழைப்பு முடிந்த பிறகே ஓட்டுவதாக ஓரகத்தி சொன்னாள்.

“வேணாம். நீ இப்பவே போய்த் தை,” என்றாள் மூத்தவள். “அறுந்தா அறுந்துட்டுப் போகட்டும்.”

நான்கு மணி அழைப்பு முக்கால் மணி நேரம் நீடித்தது. மாடியில் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. இணைப்பு ஒருமுறைகூட அறவில்லை.