உள்போர்வை

தங்கை குடியிருந்த வீடு தெருவின் கடைசியில் இருந்தது. பழைய வீடு. தடித்த சுவர்கள், சின்னச் சின்ன சன்னல்கள். வெளியே பட்டப்பகலாக இருந்தாலும் உள்ளே விளக்குப் போட வேண்டும். அக்கா குடையை மடக்கி வாசலில் சாய்த்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது.

"வா, வா. நீ மட்டும் வரலைன்னா பாப்பாவையும் லேபுக்குத் தூக்கிட்டுப் போய் மைக்ரோஸ்கோப் அடியில படுக்க வச்சிருப்பேன்," என்றாள் தங்கை, தலையைப் பின்னிக்கொண்டே.

பேறுகால விடுப்பு முடிந்து ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு அன்றுதான் அவள் திரும்ப வேலைக்குப் போகிறாள். இனி மதியத்திலிருந்து பொழுது சாயும்வரை அக்கா கடையைச் சாத்திவிட்டு வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

"தூங்குறாளா?"

"தூங்குறாளாவா? நீ தச்ச போர்வையைப் போத்தினா போதும், சுவிட்சை அணைச்ச மாதிரி. இவர் என்ன சொல்றார் தெரியுமா? அக்கா உள்ள பஞ்சு வைக்கல, மயக்க மருந்து வச்சிருக்காங்கன்னு."

அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"கை காலுதான் எப்பப் பாரு சில்லுன்னு இருக்கு," என்று செருப்பை மாட்டியபடி தங்கை தொடர்ந்தாள். "டாக்டர் பார்த்துட்டு, ஒண்ணுமில்ல, நல்லாப் போத்தி வைங்கன்னார். அதான் போர்வையை எடுக்கிறதே இல்ல. நீயும் எடுத்துடாத."

கதவு சாத்திக்கொண்டது.

அக்கா தொட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மஞ்சள் மேல்துணி, ஓரத்தில் நீலப் பட்டை. அவள் கையால் தைத்தது. தொட்டுப் பார்க்கக் கை நீளவில்லை.

குழந்தைகளுக்குப் பஞ்சுப் போர்வை தைப்பதுதான் அவள் பிழைப்பு. கடைக்குப் பின்னால் ஒரே ஒரு அறை. அதில் தனியாக இருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி, கேட்பவர்களே அலுத்து ஓய்ந்துவிட்டார்கள்.

புதுப் பஞ்சுக்குப் பதிலாகப் பழைய போர்வை ஒன்றை உள்ளே வைத்துத் தைப்பது அந்தத் தொழிலில் உள்ளதுதான். புதுப் பஞ்சு உருண்டு திரளும். துவைத்துத் துவைத்துப் படிந்த போர்வை அப்படியல்ல, குழந்தையின் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் தெரியாது. அம்மா போர்த்திய போர்வை, அண்ணன் போர்த்திய போர்வை என்று வீட்டிலிருந்தே எடுத்துக் கொடுப்பார்கள்.

தங்கையின் குழந்தைக்கு அவள் உள்ளே வைத்தது அந்த வீட்டுப் போர்வை அல்ல.

சில மாதங்களுக்கு முன் ஒரு பெண் பெரிய வயிற்றோடு கடைக்கு வந்து, தன் பழைய உடைகளைக் கொடுத்து, அவற்றிலேயே ஒரு போர்வை தைக்கச் சொன்னாள். "என் வாசனை இருக்கணும். அப்பதான் என்னைத் தேடாது." அக்கா தைத்துக் கொடுத்தாள். அதே பெண் மறுபடி வந்தபோது வயிறு இல்லை. இரண்டு கைகளிலும் அந்தப் போர்வையை ஏந்திக்கொண்டு வந்தாள்.

"பிள்ளை போனப்ப இதுதான் மேல கிடந்துச்சு. இதை எரிச்சிடுங்க. என் கையால முடியல."

  அக்கா வாங்கி வைத்துக்கொண்டாள். எரிக்கத்தான் நினைத்திருந்தாள். ஆனால் ஒவ்வொரு தையலும் அவள் போட்டது. அதற்குள் தங்கைக்கு நாள் முந்திக்கொண்டது; கடையில் வேலை மலை போல் கிடந்தது; கைக்கு வாகாக இது இருந்தது. கொதிக்கும் நீரில் அலசினாள், வெயிலில் காயப்போட்டாள், மேலும் கீழும் புதுத் துணி வைத்து மூடித் தைத்தாள். துணிக்கு ஏது ஞாபகம் என்று சொல்லிக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் தெருவில் அந்தப் பெண் நிறுத்திக் கேட்டாள். "எரிச்சாச்சாங்க?"

"ஆச்சும்மா."

பழைய துணியில் ஊசி இறங்குவதுபோல அந்தப் பொய் இறங்கியது.

மழை வலுத்தது. அறை இருண்டது. அக்கா விளக்கைப் போட்டுவிட்டு, கொண்டுவந்த தையலை மடியில் விரித்தாள். குழந்தையின் மூச்சு மெல்லக் கேட்டது. கேட்டுக்கொண்டே தைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. ஒரு மூச்சு உள்ளே போகும்போதே இன்னொன்று வெளியே வந்துகொண்டிருந்தது.

ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீராக இருக்கும்.

எழுந்து சன்னலைச் சாத்தினாள். சொட்டும் சத்தம் நின்றது. மூச்சுகள் நிற்கவில்லை.

ஒன்று சீராக வந்தது. மற்றது நாலைந்து முறை வேகமாக வந்து, நின்று, யோசித்து, மறுபடி வந்தது.

அவள் குனிந்து குழந்தையைத் தூக்கினாள். தூக்கியதும் பதறிப்போனாள். அவ்வளவு கனமான போர்வைக்கு அடியில் கிடந்த பிள்ளை, கிணற்றடிக் கல் மாதிரி குளிர்ந்திருந்தது. உதட்டோரம் லேசாக நீலம் பாய்ந்திருந்தது. அழவில்லை. கண்ணைத் திறந்து, தன்னைத் தூக்கிய பெரியம்மாவைப் பார்க்காமல், தொட்டிலையே பார்த்தது.

அக்கா மறு கையால் போர்வையைத் தொட்டாள்.

சுட்டது.

காய்ச்சல்காரர் நெற்றி மாதிரிச் சுட்டது. போர்வைக்கென்று சொந்தச் சூடு கிடையாது, உள்ளே இருப்பவரின் சூட்டைத்தான் அது பிடித்து வைக்கும் என்பது அவளுக்குத் தெரியும். கடைக்கு வரும் ஒவ்வொரு தாயிடமும் அதைச் சொல்லித்தான் விற்பாள்.

உள்ளே இருப்பவரின் சூட்டை.

குழந்தையை மார்போடு அணைத்து, தன் சால்வையால் சுற்றினாள். முதுகை உள்ளங்கையால் தேய்த்தாள், பாதங்களை வாயால் ஊதினாள். "அழு கண்ணு, ஒரு தடவை அழு," என்று கெஞ்சினாள். தேய்த்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

காலித் தொட்டிலில் போர்வை தட்டையாகக் கிடக்கவில்லை.

நடுவில் சின்னதாக ஒரு மேடு. அது எழுந்தது, தாழ்ந்தது. நின்றது. மறுபடி எழுந்தது.

புளித்த பால் வாசனை வந்தது.

ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் இன்று ஓடினால் நாளைக்கும் தங்கை இதையே எடுத்துப் போர்த்துவாள். குழந்தையைக் கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே கிடத்திவிட்டு, கத்தரிக்கோலை எடுத்தாள்.

நீலப் பட்டையைப் பிரித்தாள். அவள் போட்ட தையல் சுலபமாக வந்தது. அதற்கு உள்ளே, அவள் போடாத தையல்கள் இருந்தன. பொடிப் பொடியாக, கோணல் மாணலாக, உள்போர்வையை மஞ்சள் துணியோடு பிணைத்திருந்தன. துணியைப் புரட்டிப் பார்த்தாள். வெளிப்பக்கத்தில் ஒரு புள்ளி நூல்கூட இல்லை. ஊசி வெளியே வரவே இல்லை.

உள்ளே இருந்தபடியே தைத்திருந்தது.

ஒவ்வொரு தையலாக நறுக்கினாள். ஒவ்வொன்றும் அறும்போது கைக்குள் ஏதோ விக்கியது. கடைசித் தையல் அறுந்ததும், கட்டிலில் கிடந்த குழந்தை வீறிட்டு அழுதது. அவ்வளவு இனிமையான சத்தத்தை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை.

அந்த அழுகையினூடேதான் தங்கை நனைந்தபடி உள்ளே வந்தாள்.

"குடையை விட்டுட்டுப் போ... என்னக்கா பண்ற? ஏன் அதைக் கிழிக்கிற?"

"முதல்ல அவளைத் தூக்கிக்க. உடம்போட வச்சுக்க."

தங்கை தூக்கிக்கொண்டாள். தரையில் கிடந்த உள்போர்வையைப் பார்த்தாள். "இது யாரோடது?"

அக்கா சொன்னாள். எதையும் விடாமல், தெருவில் சொன்ன பொய் உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்லத் தங்கையின் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"அந்தக் குழந்தை போனப்ப அது மேல கிடந்ததா?"

அக்கா ஆமென்று தலையசைத்தாள்.

"தெரிஞ்சே என் பிள்ளை மேல போட்ட."

"நேரமே இல்லடி. நல்ல பஞ்சு..."

"பஞ்சு!" தங்கை கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இவளை வெறும் துண்டுல சுத்தி வளர்த்திருப்பேனே. சரி, என்னை விடு. பெத்தவ தொட முடியாமதானே உன்கிட்டக் குடுத்தா? உன்னை நம்பித்தானே குடுத்தா?"

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"போ அக்கா. அதையும் எடுத்துட்டுப் போ. இனி இந்த வாசப்படி ஏறாத."

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. கடையின் பின்கட்டில் ஒரு பழைய தகரப் பெட்டிக்குள் உள்போர்வையை வைத்தாள். முதல் குச்சியில் பற்றவில்லை. அடுத்ததிலும் பற்றவில்லை. ஈரம் எதுவும் இல்லை. பிறகு ஒரு மூலையில் தீ ஏறியது. ஓரங்கள் உள்நோக்கிச் சுருண்டன, குளிரில் பிள்ளை காலை மடக்கிக்கொள்வதுபோல.

"மன்னிச்சிடு கண்ணு," என்றாள். அது ஆணா பெண்ணா என்றுகூட அவள் கேட்டதில்லை.

மதியம் தங்கையின் கணவன் போனில் கூப்பிட்டான். "அக்கா, பாப்பா கை காலெல்லாம் கதகதன்னு இருக்கு. ராத்திரி பூரா ஒரே கச்சேரி. நாங்க ரெண்டு பேரும் முன் வரிசையில உக்காந்து கேட்டோம்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "இவகிட்டப் பேசறீங்களா?"

"நான் தூங்கறேன்னு சொல்லுங்க," என்று பின்னாலிருந்து தங்கையின் குரல் தெளிவாகக் கேட்டது.

"பரவாயில்ல தம்பி," என்றாள் அக்கா. குழந்தை பிழைத்துக்கொண்டது. அது போதும். தையலை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

சாயங்கால வெளிச்சம் கடைக்குள் சாய்ந்து விழுந்தபோது வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்தாள். அந்தப் பெண்தான்.

"சும்மா இந்தப் பக்கமா வந்தேன்," என்றாள் வாசலில் நின்றபடியே. முகம் முன்பைவிடத் தெளிந்திருந்தது. "ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு. எரிச்சிட்டேன்னு தெருவுல சொன்னீங்களே, அன்னிக்குத்தாங்க நான் தூங்கினேன். அதுவரைக்கும் பிள்ளை எங்கயோ குளிர்ல கிடக்குதுன்னே மனசு அடிச்சுக்கும். கண்ணை மூடினா அதே நினைப்பு. நீங்க சொன்ன அன்னிக்கு விட்டுப் போச்சு. நீங்க நல்லா இருக்கணும்."

அக்கா ஊசியை நிறுத்தினாள். சொல்லிவிட வேண்டும். இப்போதாவது சொல்லிவிட வேண்டும். "அம்மா, நான்..." என்று தொடங்கினாள்.

அந்தப் பெண் அவசரமாக விரலை உதட்டில் வைத்தாள். அவள் பார்வை அக்காவின் மடியில் இருந்தது.

"அச்சோ. நான் பாட்டுக்குச் சத்தமாப் பேசிட்டேன்," என்று கிசுகிசுத்தாள். "தூங்குது."

அக்கா அசையவில்லை.

"உங்களுக்குக் குழந்தை இருக்குன்னு சொல்லவே இல்லையே? முகமே தெரியல, அப்படிப் புதைஞ்சுக்கிட்டு." அவள் முகத்தில் ஒரு கணம் ஏதோ வந்து போனது, சிரித்துச் சமாளித்தாள். "கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சுக்குங்க. நழுவுது பாருங்க. நான் வரேன்."

செருப்புச் சத்தம் கேட்காமல், நுனிக்காலில் நடந்து போனாள்.

அக்கா குனிந்து பார்க்கவில்லை. மடியில் கனம் மெல்லத் திரும்பிப் படுத்தது. வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. நாலைந்து மூச்சு வேகமாக வந்து, நின்றது. அவள் விரல் நுனிகள் ஒவ்வொன்றாகச் சில்லிட்டன.

இடது கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வலது கையில் இருந்த ஊசியைச் சற்றுத் தள்ளிப் பிடித்தாள்.