இடப்பக்கத்து ரத்தம்

அன்றைக்கு அவள் தைத்து முடித்த மூன்றாவது சட்டைக்கும் இடது கை இல்லை. வெட்டி வைத்த கைத்துணி மேசையின் இடப்பக்கம் மடிப்புக் கலையாமல் கிடந்தது. இருபது வருடமாகத் தையல்காரி. ஒரு பொத்தான் காஜா கோணலாக இருக்கிறது என்றுகூட யாரும் அவளிடம் வந்து நின்றதில்லை.

கடை ஷட்டர் அறுந்து தலையில் விழுந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அப்போது எடுத்த ஸ்கேனில் எலும்பு முறிவும் இல்லை, ரத்தக் கசிவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்து மறந்து போனது. மறந்துபோன அந்தப் பக்கத்திலிருந்து, ஈரத்துணியை நாள்கணக்கில் மூடி வைத்தது போன்ற வாடையும், மூக்கடைத்தவர் விடுவது போன்ற மூச்சும், அவள் மெஷினை நிறுத்தினால் அரை நொடி கழித்து நிற்கிற ஏதோ ஓர் அசைவும் வந்துகொண்டே இருந்தன.

"அதான் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்களே," என்றான் கணவன். "எல்லாம் பிரமை. கொஞ்ச நாள் சும்மா இரு."

"என் தலைக்குள்ள என்ன நடக்குதுன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்? நான் விடப்போறதில்ல."

விடவில்லை. நரம்பு டாக்டர் எதிரில் போய்ச் சட்டமாக உட்கார்ந்துகொண்டாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"போன ஸ்கேன் மூளையோட வடிவத்தைத்தாம்மா காட்டும். ரத்தம் எங்க குறைச்சலா ஓடுதுன்னு பார்க்க வேற ஸ்கேன் இருக்கு. வலப்பக்க மூளையில ரத்தம் குறைஞ்சா இடப்பக்கம் கவனத்துக்கே வராது. தட்டுல இடது பாதி சாப்பாடு அப்படியே மிஞ்சுமே?"

"இல்லீங்க டாக்டர். தட்டு சுத்தமா காலியாயிடும். எனக்குத்தான் பசி அடங்க மாட்டேங்குது."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

அந்த ஸ்கேனுக்காக மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஊசி போட்டார்கள். ரத்தம் போகிற இடமெல்லாம் மருந்தும் போகும், போன இடம் திரையில் வெளிச்சமாகத் தெரியும் என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண். "அரை மணி நேரம் ஆடாம இருங்கக்கா. நான் கண்ணாடிக்கு அந்தப்பக்கம்தான் இருப்பேன்." நெற்றியில் பட்டை கட்டிவிட்டுப் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

இரண்டு கனத்த கேமராக்கள் தலையைச் சுற்றி அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. ஏசியின் முனகல். அதற்கடியில் அந்த மூச்சு. ஈர வாடை. பிறகு யாரோ அவள் இடது கையைப் பிடித்தார்கள். தைரியம் சொல்ல அந்தப் பெண்தான் வந்திருக்கிறாள்.

"அக்கா..." அந்தப் பெண்ணின் குரல் ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. கண்ணாடிக்கு அந்தப்பக்கத்திலிருந்து. "உங்க பக்கத்துல யாருக்கா படுத்திருக்காங்க?"

படுத்தபடியே கேமராவின் மேலிருந்த சின்னத் திரையைப் பார்த்தாள். அவள் தலை தெரிந்தது. வலப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு இருட்டு. பிரமை இல்லை. அவள் சொன்னது பொய்யில்லை.

பக்கத்தில் இன்னொரு தலை. இருட்டே இல்லாமல், முழுக்க வெளிச்சமாக.

ஊசி போட்டது அவளுக்கு மட்டும்தான்.

பயத்தை மீறிக் கோபம் வந்தது. நெற்றிப் பட்டையைப் பிய்த்தாள். திரும்ப மறுத்த கழுத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு இடப்பக்கம் திருப்பினாள். வெறும் படுக்கை. ஆனால் கைக்குள் கை இருந்தது. சூடாக. அவளுடையதைவிடச் சூடாக.

"என் ரத்தம்," என்றாள். "குடு."

அது கையை உருவப் பார்த்தது. இறுக்கினாள். மறுபடி இழுத்தது. விடவில்லை.

திரையில் அந்தத் தலை எழுந்தது. அவள் தலைக்கு மேலே கவிந்தது. வாயைத் திறந்தது.

உள்ளே, தொண்டை வரை, வெளிச்சம்.