மூச்சுமுட்டி உச்சியில் மணி அடித்தவள்

கற்பூரத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அணைத்து, கிழக்கே பார்த்து நின்று சத்தியம் செய்கிறேன்: இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கையில் கொப்புளம் இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம். கரடி வருகிற இடத்தில் மட்டும் நடந்ததைக் கொஞ்சம் குறைத்தே எழுதியிருக்கிறேன். முழுதும் எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

"எட்டு உச்சி ஏறிட்டா பெரிய ஆளா? ஒன்பதாவது மூச்சுமுட்டி. அது பொம்பளையாளு ஏறுத மலை இல்ல. பேசாம டீயைப் போடு தாயி!"

ஆவுடையூர் மலையேறுவோர் மன்றத்தின் செயலாளர் வடமலையப்பன் இதைச் சொன்னபோது சீனித்தாய் கையில் டீ வடிகட்டி இருந்தது. அடுத்த நொடி அது கசங்கிய காகிதம் மாதிரி அவள் முஷ்டிக்குள் இருந்தது. அடுப்பில் அப்போதுதான் கேஸ் தீர்ந்திருந்தது. ஆனாலும் சட்டியில் பால் பொங்கி வழிந்தது. பக்கத்தில் அவள் நின்றதுதான் காரணம்.

அவளுடைய டீக்கடை மன்றத்துக்கு நேர் எதிரே. மன்றத்துச் சுவரில் ஒன்பது மலை உச்சிகளின் பெயர்கள் நீலப் பெயின்டில் வரிசையாக எழுதியிருக்கும். ஒட்டகமுதுகில் தொடங்கி மூச்சுமுட்டியில் முடியும். ஒன்பதையும் தன்னந்தனியாக, தன் மூட்டையைத் தானே சுமந்து ஏறியவர் பெயரைக் கீழே பச்சைப் பெயின்டில் எழுத வேண்டும் என்பது விதி. மன்றம் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பச்சை டப்பாவின் மூடி திறக்கப்படவில்லை. உறுப்பினர்கள் பெஞ்சில் உட்கார்ந்து, ஏறப்போவதைப் பற்றி வருஷக்கணக்காகப் பேசினார்கள். சீனித்தாய் டீ ஆற்றிக்கொண்டே கேட்டாள். கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் டம்ளர் சரியாகக் கழுவவில்லை என்று யாரோ சொன்ன கோபத்தில் ஒட்டகமுதுகு ஏறிவிட்டாள். வடை ஊசிப்போச்சு என்றதற்குக் கிழவன்மூக்கு. புகையூதி மலைக்கு என்ன காரணம் என்பது அவளுக்கே மறந்துவிட்டது; ஆனால் கோபம் மறக்கவில்லை.

ஏறியதற்கு அத்தாட்சி உண்டு. ஒவ்வோர் உச்சியிலும் பள்ளிக்கூடத்து மணி மாதிரி ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது. அடிப்பதற்குப் பக்கத்திலேயே ஓர் இரும்புக் கம்பி. மேலே அடித்தால் கீழே செயலாளர் காதில் விழ வேண்டும். அவ்வளவு கனமான தண்டவாளத்தை யார், எப்படி மேலே கொண்டுபோனார்கள் என்று ஆவுடையூரில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

"அண்ணாச்சி! ஏறி அடிச்சிட்டா என்ன செய்வீரு?" என்றாள் சீனித்தாய்.

"நானே என் கையால ஒம் பேரை எழுதுதேன்."

"ஏறலைன்னா?"

"நாளைக்குப் பொழுது சாயுததுக்குள்ள மணிச் சத்தம் என் காதுல விழலைன்னா, ஏறுன எட்டும் செல்லாது. எனக்கு டீ ஆத்த மட்டும்தான் தெரியும்னு இந்த வாசல்ல நின்னு நாலு பேரு கேக்கச் சொல்லணும். சம்மதமா?"

பெஞ்சில் இருந்தவர்கள் டீ சிந்தச் சிரித்தார்கள்.

"சிரிங்கவே! நல்லா சிரிங்க! நாளைக்கு இதே பல்லோட இருக்கணும் எல்லாரும்!"

சீனித்தாயின் கணவர் பெயர் உக்கிரபாண்டி. பெயரைக் கேட்டு நடுங்கி வருகிறவர்கள் ஆளைப் பார்த்ததும் ஏமாந்துபோவார்கள். எறும்பு வரிசை குறுக்கே போனால் நின்று வழிவிட்டுப் போகிற மனிதர். மகளுடைய பழைய காலேஜ் முதுகுப் பையில் கயிறு, தார்ப்பாய், தீப்பெட்டி, அவல் எல்லாவற்றையும் அவர்தான் அடுக்கினார். சாப்பாட்டுப் பொட்டலத்தையும் ஃபிளாஸ்க்கையும் கடைசியாக வைத்தார்.

"ஏளா, கோவம் போதுமா?" என்று கேட்டார், அரிசி போதுமா என்று கேட்கிற குரலில்.

"வழியுது!"

"பாத்து செலவு பண்ணு. பாதியில தீத்துராத."

"நான் வார வரைக்கும் கடையைப் பாருங்க. எவனுக்கும் கடன் சொல்லாதீங்க. டீத்தூளை ரெண்டு தடவை கொதிக்க வைக்காதீங்க!"

"சரி."

அந்தச் 'சரி'கூட அவளுக்குக் கோபத்தைத்தான் தந்தது. நல்லது. அப்படியே கிளம்பினாள்.

அடிவாரக் காட்டில் அட்டைகள் காத்திருந்தன. முதல் அட்டை கணுக்காலில் ஏறியது, ஏறிய வேகத்தில் 'சுர்'ரென்று சத்தம் கேட்டது, சுருண்டு விழுந்தது. மற்றவை தங்களுக்குள் சேதி சொல்லிக்கொண்டு இலைகளுக்கு அடியில் ஒதுங்கின. ஓடையில் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீர், பனிக்கட்டி மாதிரி. அக்கரை ஏறும்போது சேலையில் ஆவி பறந்தது. அயர்ன் போட்டது போல மடிப்பு நின்றது.

மூங்கில் புதர் தாண்டியதும் கரடி!

பாதை நடுவே இரண்டு காலில் எழுந்து நின்றது. ஆள் உயரத்துக்கும் மேல். வாயைத் திறந்து உறுமியது. வேறு யாராக இருந்தாலும் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

"என்னது?" என்றாள் சீனித்தாய், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. "நீயும் சொல்லுதியா? பொம்பளையாளு ஏறப்பிடாதுன்னு நீயும் சொல்லுதியா? எங்க, இன்னொரு தடவை சொல்லு பாப்போம்!"

கரடி சொல்லவில்லை.

"பாதை என்ன ஒங்கப்பன் வீட்டு முற்றமா, நடுவுல நிக்க? நகத்தைப் பாரு! மூஞ்சியைப் பாரு! காலையில கழுவுனியா இல்லியா? ஓரமா நில்லு!"

கரடி ஓரமாக நின்றது. அவள் தாண்டிப் போன பிறகு அது ஓடைக்குப் போய் முகம் கழுவியது என்றும் சொல்கிறார்கள். எனக்கு நேரடியாகத் தெரியாததால் அதை இங்கே எழுதவில்லை.

அன்று ஒரு குகையில் படுத்தாள். போர்வை தேவைப்படவில்லை. குளிர் தாங்காமல் வந்த நாலைந்து வரையாடுகள் அவளைச் சுற்றிப் படுத்துக் கதகதப்பாகத் தூங்கின. விடிந்ததும் அவற்றையும் திட்டி எழுப்பிவிட்டு நடந்தாள்.

இனி இருப்பது பாறை. செங்குத்தான ஒற்றைப் பாறை. மூச்சுமுட்டி என்ற பெயர் அதனால் வந்ததுதான். வெடிப்புகளில் விரலை நுழைத்து, கயிற்றைப் பாறைப் புடைப்பில் மாட்டி, ஒவ்வொரு பிடிக்கும் ஒரு வசவாக ஏறினாள். "டீயைப் போடவா? போடுதேன்! தாயின்னா கூப்பிடுத? கூப்பிடு!" பாதி உயரத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு விளிம்பு. அங்கே உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

அங்கேதான் வினை.

எலுமிச்சைச் சாதம். அவளுக்குப் பிடித்த மாதிரி, கருகும் பதத்தில் வறுத்த மோர் மிளகாய். ஓரத்தில் தேங்காய்த் துவையல், சாதத்தில் கலந்துவிடாதபடி தனியாகக் கொழுந்து வாழையிலைத் துண்டில். அதற்கும் கீழே நாலு கருப்பட்டி மிட்டாய். ஒவ்வொன்றையும் எறும்பு ஏறாதபடி தனித்தனியாகச் சுற்றி வைத்திருந்தார் மனிதர்.

சீனித்தாய் ஒரு மிட்டாயை வாயில் போட்டாள். 'எவ்வளவு நேரம் உக்காந்து சுத்துனாரோ...' என்று நினைத்தாள். அவ்வளவுதான்! உடம்பிலிருந்து கோபம் மொத்தமும் பொசுக்கென்று இறங்கிவிட்டது.

இறங்கியதும் குளிர் தெரிந்தது. வியர்வை ஈரம் தெரிந்தது. நாற்பத்தெட்டு வயது முழங்கால் தெரிந்தது. இரண்டு நாளில் முதல்முறையாகக் கீழே பார்த்தாள். ஐயோ! ஆவுடையூர் ஒரு கைக்குட்டை அளவுக்குக் கிடந்தது. தலை சுற்றியது. எழுந்து ஒரு வெடிப்பைப் பிடித்தாள், விரல் நழுவியது. காலுக்கடியில் கல் ஒன்று பெயர்ந்து விழுந்தது. அது தரையில் விழும் சத்தத்துக்குக் காத்திருந்தாள். சத்தம் வரவேயில்லை.

கோபப்பட்டே ஆகவேண்டும்! வேகமாக!

வடமலையப்பனை நினைத்துப் பார்த்தாள். 'பாவம், வயசாச்சு. மூட்டுவலி வேற.' பெஞ்சுக்காரர்களை நினைத்துப் பார்த்தாள். 'வீட்டுல போக்கிடம் இல்லாம வந்து உக்காருதானுவ.' கடைசி அஸ்திரமாக, கல்யாணச் சீரில் வந்த வெண்கலப் பானையை நைசாக மாற்றி எடுத்துக்கொண்ட நாத்தனாரை நினைத்துப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷமாக ஒருமுறைகூடத் தவறாத கோபம் அது. 'பானைதானே, வச்சிட்டுப் போறா' என்றது மனசு.

சீனித்தாய்க்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எதிர்ப்பக்கத்திலிருந்து கருமேகம் வந்துகொண்டிருந்தது. பாறை நனைந்தால் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. ஏறிய எட்டு உச்சியும் பாழ். அந்த வாசலில் நின்று அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். அதை நினைத்தாலும் அழுகைதான் வந்தது, கோபம் வரவில்லை.

முதல் தூறல் மூக்கில் விழுந்தது. ஒரு வாய் டீயாவது குடிப்போம் என்று ஃபிளாஸ்க்கைத் திறந்தாள். ஊற்றினாள். ஒரு மடக்கு குடித்தாள்.

நிறுத்தினாள்.

கழுநீர்! பால் இல்லை, இஞ்சி இல்லை, சீனி இல்லை. நேற்றைய தூளை இரண்டாம் தடவை, இல்லை, மூன்றாம் தடவை கொதிக்கவைத்த வாடை. மேலே ஒரு வெங்காயச் சருகு மிதந்தது.

"இதையா?" என்றாள் மெதுவாக. "இதையா அந்த மனுசன் ரெண்டு நாளா எங் கடையில ஊத்திக்கிட்டிருக்காரு? எம் பேரு போட்ட கடையில?"

"கடையில... கடையில..." என்றது எதிர்மலை.

"நான் ரெண்டு தடவை கொதிக்க வைக்காதீங்கன்னு சொன்னேன்லா!!"

காதோரம் சுட்டது. விளிம்பில் தேங்கிய மழைத்தண்ணீர் கொதித்தது. மேலே விழ வந்த தூறல் விழுமுன்பே ஆவியானது. மேகம் ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனது. சீனித்தாய் ஃபிளாஸ்க்கை இடுப்பில் செருகிக்கொண்டு பாறையில் பாய்ந்தாள். பிடி கிடைக்காத இடத்தில் பாறையை ஒரு குத்து குத்தினாள், பிடி உண்டானது. அந்தக் குழிகள் இன்னும் இருக்கின்றன. மேலே ஏறிக்கொண்டேயிருந்தாள்! வசவு குறையவில்லை! ஒரு கழுகு கூட்டை விட்டு எட்டிப் பார்த்து, தன் குஞ்சுகளின் காதை இறக்கையால் மூடியது.

உச்சி!

தண்டவாளம் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கம்பியைக் காணோம்! கம்பி தொங்கிய கொக்கியில் புத்தம்புதுக் கீறல். யாரோ அவளுக்கு முன்னாலேயே வந்து கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். மூட்டுவலிக்காரர் எப்படி அவளை முந்தினார் என்று யோசிக்கிற நிலையில் அவள் இல்லை.

"கம்பியைத் தூக்கிட்டா நான் அடிக்க மாட்டேனா? அடேய் வடமலை!"

இடுப்பிலிருந்து ஃபிளாஸ்க்கை உருவினாள். ஓங்கி ஒரே அடி!

ஃபிளாஸ்க் தோசை மாதிரி தட்டையானது. தண்டவாளம் அலறிய சத்தம் ஆவுடையூரில் இறங்கியபோது மாடுகள் கட்டறுத்தன, தேங்காய்கள் உதிர்ந்தன, பள்ளிக்கூடத்தில் மணி அடித்துவிட்டதாக நினைத்துப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரே ஒருவர் மட்டும் அசையாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வடமலையப்பன். இரண்டு காதிலும் பஞ்சு.

சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கினாள் சீனித்தாய். தெருவே திரண்டு நின்றது.

"எங் காதுல ஒண்ணும் விழலியே!" என்றார் வடமலையப்பன். பஞ்சு இருந்ததால் கத்திச் சொன்னார்.

சீனித்தாய் வாயைத் திறப்பதற்குள் உக்கிரபாண்டி ஒரு டம்ளருடன் முன்னால் வந்தார். நேராகச் செயலாளர் காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கினார்.

"விழலைன்னா பரவால்ல அண்ணாச்சி" என்றார் பணிவாக. "அவ அடுத்த வாரம் திரும்ப ஏறுவா. ஒரு வாரம் நான்தான் கடை. இந்தாங்க, டீ சாப்பிடுங்க."

வடமலையப்பன் டம்ளரைப் பார்த்தார். இரண்டு நாளாக அதைத்தான் குடித்திருந்தார். முகம் வெளுத்தது.

"விழுந்துச்சு! ரெண்டு காதுலயும் விழுந்துச்சு! பெயின்டை எடுங்கவே, யாராவது!"

பச்சை டப்பாவின் மூடியை நெம்பித் திறக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். மன்றச் சுவரில் முதல் பெயராக 'சீனித்தாய்' என்று வடமலையப்பனே எழுதினார். எழுத்து கோணியது, அவள் அதட்டியதும் நேரானது.

கூட்டம் கலைந்த பிறகு அவள் தட்டையான ஃபிளாஸ்க்கைக் கல்லாப்பெட்டி மேல் டமாரென்று போட்டாள். "என்னங்க டீ இது? இதையா மனுசன் குடிப்பான்?"

உக்கிரபாண்டி டம்ளர்களைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "மிட்டாயைத் தின்னா ஒனக்குக் கோவம் தீந்துரும்னு தெரியும். மிட்டாய் வைக்காம அனுப்பவும் மனசில்ல. அதான்."

சீனித்தாய் ஃபிளாஸ்க்கைக் கல்லாப்பெட்டி மேலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு பாலை அடுப்பில் வைத்து, இஞ்சி தட்டிப் போட்டு, அவருக்கு ஒரு நல்ல டீ போட்டாள். இந்த முறை கேஸ் தேவைப்பட்டது.

மலை ஏறக் கோபம் உதவும், வீடு வரைக்கும் அதைச் சுமந்துவர வேண்டியதில்லை என்பது அவள் கற்றுக்கொண்ட பாடம். மறுநாள் காலை பால்காரர் வரும்வரை அதைக் கடைப்பிடித்தாள்.

மூச்சுமுட்டி உச்சிக்குக் காலையும் மாலையும் டவுன் பஸ் போகிறது. கடைசி ஸ்டாப்பில் இறங்கினால் தண்டவாளம் வலது கைப்பக்கம்.