பின்பக்கம் இல்லாத வீடு

குளிர்காலத்தில் ஈர பிளாஸ்டரின் சில்லிப்பு எலும்பு வரை இறங்கும். லீஸ்பெத்துக்கு வலது கட்டைவிரல் மடங்க மறுத்தது. ஆனாலும் தம்பி ரைனியர் கேட்ட வேலை. ஆம்ஸ்டர்டாம் கால்வாய்க் கரையில் அவன் வாங்கியிருந்த பழைய வீட்டின் முகப்பை மட்டும் ஒரு முழ உயர பிளாஸ்டர் மாதிரியாக, செங்கல் செங்கலாகச் செதுக்கினாள்.

ரைனியர் தன் வீட்டுப் பரண் சுவரில் சுரண்டிய தூளைக் கொண்டுவந்து பிளாஸ்டரில் கலக்கச் சொன்னான். எதற்கு என்றாள். சூப்புக்கு உப்பு மாதிரி என்று சிரித்தான். முகப்பின் உச்சியில் சாமான் ஏற்றும் கொக்கிக்குக் கீழே இருக்கும் பரண் கதவு மட்டும் நிஜமாகவே திறக்க வேண்டும் என்றான். ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்கிறேன் என்று காப்பியைக் குடித்துவிட்டுப் போனான்.

ஞாயிறு வந்தது. அவன் வரவில்லை.

அவளுக்கு இருந்தது ஒரே அறை. பட்டறை, படுக்கை, அடுப்பு எல்லாம் அதற்குள்தான். முகப்பைச் சுவரில் மாட்டி வைத்தாள். நாலு மணிக்கே இருட்டியது. விளக்கைப் போடக் கை நீட்டியபோது வாசனை வந்தது. சோப்பு, வினிகர், அடியில் தேங்கிய கால்வாய்த் தண்ணீர்.

அப்புறம் சத்தம். கண்ணாடியில் ஈரத்துணி தேய்க்கும் சத்தம்.

தெருவிளக்கு வெளிச்சத்தில் அறையெங்கும் வெள்ளைத் தூசி தெரிந்தது. முகப்பில் அவள் பதித்திருந்த சின்னக் கண்ணாடிகள் மட்டும் பளிச்சென்று இருந்தன.

பரண் கதவு திறந்திருந்தது.

முகப்பைச் சுவரிலிருந்து கழற்றிப் பார்த்தாள். பின்பக்கம் தட்டை. அதற்கும் பின்னால் வெறும் சுவர்.

அவள் முதுகுக்குப் பின்னால், அடுப்புப் பக்கம், யாரோ துணியைப் பிழிந்தார்கள்.

தெருவுக்கு ஓடிவந்துதான் தம்பிக்குப் போன் போட்டாள். அவன் மறைக்கவில்லை. அவன் வீட்டுப் பரணில் எந்தக் காலத்திலோ செத்த வேலைக்காரி ஒருத்தி. ராத்திரி முழுக்கத் துடைப்பாளாம். தனி வீடு தருகிறேன், அந்தச் சுவர்த் தூளோடு போய்விடு என்று வாக்குக் கொடுத்தானாம்.

"அவ ஒத்துக்கிட்டா, அக்கா. இப்பதான் தூக்கமே வருது."

"நான் செஞ்சது வெறும் முகப்புடா. பின்னாடி வீடே கிடையாது."



"உன் வீடு இருக்குல்ல," என்றான் மெல்ல.

துறைமுகத்தில் மூட்டை தூக்கி அவனைப் படிக்க வைத்த கை. அந்தக் கையாலேயே போனைத் துண்டித்தாள்.

அவள் ஜன்னலுக்குத் திரை கிடையாது. அந்தத் தெருவில் யாருமே போடுவதில்லை. உள்ளே, இருட்டுக் கண்ணாடியில், வெளுத்த கை ஒன்று வட்டம் வட்டமாகத் துடைத்துக்கொண்டிருந்தது. மூலையைக்கூட விடவில்லை.

ரைனியர் அந்தச் செத்தவளுக்குத் தருவதாகச் சொன்னது தனி வீடு. லீஸ்பெத் உள்ளே இருக்கும்வரை அது இன்னும் பாக்கி.