மூன்றாவது நாற்காலி

அலமாரிக்குள் ஹேங்கர் ஆடிக்கொண்டிருந்தது.

பெரியவர் கதவைத் திறந்தபடியே நின்று அதைப் பார்த்தார். ஜன்னல்கள் சாத்தியிருந்தன, மின்விசிறி ஓடவில்லை, மனைவியும் தம்பியும் மதியச் சாப்பாடு முடிந்ததுமே கிளம்பிவிட்டார்கள். பின்னே யார் கை பட்டு ஆடுகிறது இது? பாச்சை உருண்டையும் பழைய கம்பளியும் கலந்து மணக்கும் அந்த இருட்டில், இப்போதுதான் யாரோ எதையோ உருவிக்கொண்டு போனதுபோல, வெறும் ஹேங்கர் இடமும் வலமுமாக அசைந்து, கம்பியில் உரசிக் கீச்சிட்டு, ஒருவழியாக நின்றது. அதில் தொங்கவேண்டிய சாம்பல் நிறக் கோட்டைக் காணோம்.

அது அவருடைய அப்பாவின் கோட்டு. மூத்தவன் என்ற முறையில் அவர் தோளுக்கு வந்தது. நல்லது கெட்டது எதுவானாலும் குடும்பத்தின் சார்பாகப் போய் நிற்பவர் போட்டுக்கொள்வது. அவரைத் தவிர இந்த வீட்டில் யாரும் அதைப் போட்டதில்லை.

"தம்பி வேலையாத்தான் இருக்கும்," என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார். வெறும் வீட்டில் அந்தக் குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

காலையில் நடந்த பேச்சு இன்னும் காதைக் குடைந்துகொண்டிருந்தது. தொலைக்காட்சியில் ஒரு பாட்டுப் புதிர் நிகழ்ச்சி. இசையில் ஒரு துணுக்கைப் போடுவார்கள்; என்ன பாட்டு, அடுத்த வரி என்ன என்று பொத்தானை அமுக்கிச் சொல்லவேண்டும். குடும்பச் சுற்றுக்குத் தம்பி விண்ணப்பித்து இடமும் வாங்கிவிட்டான். மூன்று பேர் வேண்டும். ஒருவர் வீட்டுக்கு மூத்தவராக இருக்கவேண்டும் என்பது அவர்கள் விதி.

"அண்ணா, நீங்க வாயே திறக்க வேணாம். சும்மா வந்து உட்காருங்க, போதும்."

"சும்மா உட்கார நான் என்ன கடை பொம்மையா? நாலு பேர் பல்லைக் காட்ட, நான் பொத்தானை அமுக்கிட்டுப் பாட்டுப் பாடணுமா? இந்த வீட்டு மானம் அவ்வளவு மலிஞ்சு போச்சா?"

"பாட்டுப் பாடினா மானம் போயிடுமாங்க?" என்றாள் மனைவி, தட்டைத் துடைத்தபடி.

"விடுங்க அண்ணி. வேற ஒரு அண்ணனைப் பிடிச்சுக்கலாம்," என்றான் தம்பி. "கொஞ்சம் சிரிக்கிற அண்ணனா கிடைச்சா இன்னும் நல்லது."

மனைவி சிரித்துவிட்டாள். அவர் பார்ப்பது தெரிந்ததும் கையால் வாயை மூடிக்கொண்டாள். ஆனாலும் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் நாளெல்லாம் அவர் தொண்டையில் முள்ளாக நின்றது.

பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தார். ஆனால் தன் கோட்டுக்குள் எவன் புகுந்திருக்கிறான் என்று தெரியவேண்டாமா? பொழுது சாய்ந்து, கூடத்தின் மூலைகள் மங்கத் தொடங்கிய நேரத்தில், பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி சத்தத்தைக் குறைத்து வைத்துத் தொலைக்காட்சியைப் போட்டார். நேரடி ஒளிபரப்பு. கண் கூசும் விளக்குகள், கைதட்டல், ஓயாமல் சிரிக்கும் ஒரு தொகுப்பாளினி. நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று நாற்காலிகள். ஒன்றில் தம்பி. அடுத்ததில் மனைவி.

மூன்றாவதும் காலியாக இல்லை.

சாம்பல் நிறக் கோட்டு. முகத்தின்மேல் விளக்கு விழுந்து வெளேரென்று இருந்ததால் யாரென்று தெரியவில்லை. தோள்கள் மட்டும் தெரிந்தன, பலகை வைத்துத் தைத்ததுபோல நிமிர்ந்து.

"ஐயா ரொம்ப அமைதியா இருக்காரே?" என்றாள் தொகுப்பாளினி.

"இவர் வீட்டுலதான் புலி," என்றாள் மனைவி. "வெளியில வந்தா பூனை."

அரங்கமே சிரித்தது. அவள் சாவகாசமாகக் கையை நீட்டி அந்த ஆளின் மணிக்கட்டின்மேல் வைத்தாள். ஊர் பார்க்க. 'இவர்' என்று வேறொருவனைச் சொல்லி. பெரியவருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கூலிக்கு ஒரு நடிகனைப் பிடித்து, கோட்டை மாட்டி, அண்ணன் என்று உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். உப்புப் போட்டுத்தானே இத்தனை காலம் சோறு தின்றார்கள், இந்த இரண்டு பேரும்?

அப்போது அந்த ஆள் தலையைத் திருப்பினான்.

அவருடைய முகம். அதே நெற்றி, அதே வெட்டிவிட்ட மீசை. வேஷம், எல்லாம் வேஷம் என்று அவர் மனசு அடித்துக்கொண்டது. கேமரா நெருங்கியது. தாடையின் இடப்பக்கம் புதிய கீறல் ஒன்று சிவந்திருந்தது. இன்று காலை, கோபத்தில் கை தவறி, சவரக் கத்தி பட்ட இடம். அவர் தன் தாடையைத் தடவிப் பார்த்தார். விரலுக்கு வழவழப்பாக இருந்தது. கீறல் இல்லை.

தொலைபேசியை எடுத்து மனைவியின் எண்ணைச் சுழற்றினார். காதில் மணி அடித்தது. சற்றுப் பொறுத்துத் திரையிலும் அடித்தது. மேசையின்மேல் அவள் போன் மினுங்கியது.

"மன்னிச்சுக்கோங்க, அணைக்க மறந்துட்டேன்." எடுத்துப் பார்த்தாள். "எங்க வீட்டு நம்பர்."

"வீட்டுல யாரும்மா இருக்காங்க?"

"யாரும் இல்லையே. பூட்டிட்டுத்தான வந்தோம்?"

தம்பி தலையாட்டினான். அவள் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். கேமராவை அல்ல, அவரை. தெரியும் என்கிற பார்வை. பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள். காதில் மணி அறுந்தது.

அடுத்த கேள்விக்கு இசை தொடங்கியது. ஒற்றைப் புல்லாங்குழல், பின்னால் தாளம். 'என் வீட்டில் நீயிருக்க இருளேது எனக்கு' என்ற பழைய பாட்டு. ஐந்து வயதில் அவர் அதைப் பிழையாகப் பாடுவார். 'நீயிருக்க' என்பது அந்தப் பிஞ்சுக் காதில் 'நீ இறக்க' என்று விழுந்திருந்தது. அம்மா பதறிப்போய் வாயைப் பொத்தினாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் சிரித்தாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று கைமேல் அடித்துக் கொடுத்தாள். சொல்லாமலே போய்ச் சேர்ந்தாள். தம்பி அப்போது பிறக்கவே இல்லை.

கோட்டு போட்டவன் பொத்தானை அமுக்கினான்.

"என் வீட்டில் நீ இறக்க," என்று பாடினான், அவருடைய குரலில்.

"ஐயா, 'இருக்க'ன்னு வரணும்! 'இறக்க' இல்ல!" தொகுப்பாளினி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எங்க வீட்டுல இப்படித்தான் பாடுவோம்," என்றான் அவன்.

தம்பி சேர்ந்துகொண்டான். மனைவியும் சேர்ந்துகொண்டாள். பழகிப் பழகி ஒன்றிப்போன குரல்கள். அவர் முதுகுக்குப் பின்னால் எத்தனை மாலைகள் பழகினார்கள்? மூன்று முகங்களும் திரையிலிருந்து அவரையே பார்த்துப் பாடின.

"நீ இறக்க... இருளேது எனக்கு..."

அணைத்தார். கூடம் இருண்டது.

வாசலுக்கு ஓடினார். தாழ்ப்பாள் உள்ளே திறந்துதான் இருந்தது. இழுத்தார். வரவில்லை. வெளியே பூட்டு கடகடத்தது. கதவைத் தட்டினார். ஓங்கி, இரண்டு கையாலும். சத்தமே வரவில்லை. துணியால் மரத்தை அடிப்பதுபோல.

அப்படியே எவ்வளவு நேரம் நின்றாரோ, தெருவில் கார் நின்றது. சிரிப்பு. காலடிகள். பிறகு ஒரு இருமல். தெருமுனையில் கேட்டாலும் இவர்தான் என்று சொல்லிவிடக்கூடிய அவருடைய இருமல்.

பூட்டில் சாவி நுழைந்தது.

நிமிர்ந்து நிற்கத்தான் நினைத்தார். யார் முன்னாலும் ஓரடி பின்வாங்கியவர் அல்ல. கால்கள் கேட்கவில்லை. பின்னால் போயின. கூடம், அறை, அலமாரி. பாச்சை உருண்டை வாசனை. கதவைச் சாத்திக்கொண்டார். என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வெளியே வந்து கேட்கிறேன். கையும் களவுமாகப் பிடிக்கிறேன்.

"உட்காருங்க, தண்ணி கொண்டு வரேன்," என்றாள் மனைவி வெளியே. அவரிடம் அவள் என்றுமே காட்டாத குரல். "கோட்டைக் குடுங்க, கசங்கிடப் போகுது."

"அண்ணா இன்னிக்குக் கலக்கிட்டாரு அண்ணி!"

கூடத்தில் நாற்காலி முனகியது. அவருடைய நாற்காலி.

காலடி நெருங்கியது. அலமாரி திறந்தது.

மனைவி நின்றாள், கையில் கோட்டோடு. நேருக்கு நேர். திடுக்கிடவில்லை. "ஏண்டி?" என்று கேட்க வாயைத் திறந்தார்; கம்பியில் கீச்சென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. அவள் கோட்டை உதறி அவர் தோள்களில் மாட்டினாள். காலரை நீவினாள். ஒட்டியிருந்த நூலைக் கிள்ளி எடுத்தாள். எப்போதும் செய்வதுபோல.

"இப்பத்தான் சரியா இருக்கு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

இருட்டு. கூடத்தில் மூன்று பேர் பாடத் தொடங்கினார்கள். கதவைத் தள்ளக் கையைத் தூக்கினார். கோட்டின் கைகள் இரண்டும் வெறுமையாகத் தொங்கின. இடமும் வலமுமாக, மெல்ல, ஆடின.